நடுமுள்

அந்த மீன்முள் பூனையின் வயிற்றுக்குள் போனது என் கையால். பக்கத்து வீட்டு டீச்சரின் கையால் அல்ல. ஆனால், அதை வெளியே எடுக்க நடந்த அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கொடுத்தவர் டீச்சர். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

உங்களிடம் ஏன் சொல்கிறேன் தெரியுமா? நீங்கள் என் வீட்டுக்கு வரப் போவதில்லை. என் கணவரிடம் போய், "அப்படியா சார் நடந்தது?" என்று கேட்கப் போவதில்லை. அந்தத் தைரியம்தான். பாருங்கள், உண்மையைச் சொல்லும்போதுகூட ஒரு கோழைத்தனம் கூடவே வருகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பாளையங்கோட்டையில் எங்கள் வீடு. முட்டைகூட வாசற்படி தாண்டாத சைவக் குடும்பம். என் கணவர் பத்திரம் எழுதுகிறவர். நெற்றி நிறையத் திருநீறு பூசி, தேவாரம் பாடி முடிக்காமல் காபி தொடமாட்டார். வெள்ளிக்கிழமையானால் குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் முங்கிவிட்டுத்தான் வருவார். நல்ல மனிதர். அதையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையில் அவரைப் பார்த்து நீங்கள் சிரித்துவிடக் கூடாது. சிரிப்பதானால் என்னைப் பார்த்துச் சிரியுங்கள்.

ஒரு மழைநாளில் குட்டியாக வந்து சேர்ந்த சாம்பல் நிறப் பூனைக்கு அவர்தான் நந்தி என்று பெயர் வைத்தார். பூஜை அறை வாசலில் முன்னங்கால்களை மடக்கிக்கொண்டு, உள்ளே பார்த்தபடி அது படுத்திருக்கும். தயிர்ச்சோறும் தோசையும்தான் அதற்கு ஆகாரம். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் அதைக் காட்டாமல் அனுப்பமாட்டார்.

"மூணு வருசமா வீட்டுல கெடக்கு. தயிர்ச்சோறத் தவிர ஒண்ணும் தொடாது. கருவாட்ட மூக்குக்கு நேரா நீட்டினாலும் திரும்பிப் பாக்காது, கேட்டீரா?"

வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். போன பிறவியில் ஏதோ ஓதுவாராக இருந்திருக்கும் என்பார்கள். சைவப் பூனையைப் பார்க்கவென்றே டவுனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நம்புங்கள்!

பூனைக்குச் சைவம் ஏது? அது இரவில் எங்கே போகிறது, என்ன தின்கிறது என்று யார் கண்டார்கள்? எனக்கு அந்தச் சந்தேகம் முதலிலேயே உண்டு. வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதில் நான் கெட்டிக்காரி.

இனி என் கதை.

ஜங்ஷன் பக்கம் ஓர் அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சு வேலை. என் அடுத்த நாற்காலி செல்வக்கனியுடையது. திருச்செந்தூர்க்காரி. ஒருநாள் மதியம் அவள் தூக்குவாளியைத் திறக்கையில் மீன்குழம்பு என் சோற்றில் தெறித்துவிட்டது. அவள் பதறிப்போனாள்.

"அய்யய்யோ, யக்கா, தட்டக் குடுங்க. கழுவிட்டு வேற சோறு போடுதேன்."

நான் தட்டைக் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை? இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. சிவந்திருந்த அந்த ஓரத்துச் சோற்றை எடுத்து வாயில் வைத்தேன்.

ஆகா... என்னவென்று சொல்வேன்! முப்பது வயதைத் தாண்டியவள் நான். உலகத்தில் உள்ள ருசியெல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புளியும் மிளகாயும் தேங்காயும் எனக்குப் புதிதா? ஆனால் அவற்றுக்கு அடியில் வேறொன்று இருந்தது. அது கடல் என்று பிறகுதான் புரிந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. செல்வக்கனி காரம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

அதன் பிறகு, அவள் எப்போது மீன் கொண்டுவந்தாலும் எனக்கும் ஒரு துண்டு. திரும்பி வரும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவேன், எலுமிச்சம்பழத் தோலைத் தேய்ப்பேன், ஏலக்காயை மெல்லுவேன். என் கணவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நந்திக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சாயங்காலம் அது பூஜை அறை வாசலைவிட்டு எழுந்து வந்து என் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தது. அப்படி ஒரு பார்வை அதுவரை எந்த மனிதரும் என்னைப் பார்த்ததில்லை.

அன்று முதல் நான் அலுவலகம் விட்டு வந்தால் என் கைப்பையைச் சுற்றிச் சுற்றிக் கத்தும். அதன் வாயை அடைக்க நானும் ஒரு துண்டு கொண்டுவர ஆரம்பித்தேன். கொல்லையில், துவைகல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஊட்டுவேன். நாங்கள் இருவரும் கூட்டுக்களவாணிகள் ஆனோம். அந்த வீட்டில் என்னை உள்ளபடி அறிந்த ஒரே உயிர் அதுதான். இல்லை, ஒரே உயிர் என்று அப்போது நினைத்தேன்.

பக்கத்து வீட்டில் எஸ்தர் டீச்சர் தனியாக இருந்தார். ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, மகள் கோயம்புத்தூரில். இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் இருந்த சுவரில் ஓர் ஆள் நுழைகிற இடைவெளி. அதன் வழியாகக் கறிவேப்பிலை வரும், முருங்கைக்கீரை போகும். நான் செய்த பலகாரம் அவருக்குப் போகும். அவர் செய்தது எங்கள் வீட்டுக்கு வராது. வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை, அவராகவே அனுப்பமாட்டார். வருடத்தில் சில வாரங்கள் மட்டும், "இப்ப நானும் ஓங்க ஆளுதான் கோமதி. சுத்த சைவம்" என்று சிரிப்பார்.

அந்த நாளுக்கு வருகிறேன். செல்வக்கனி சீலா மீன் கொண்டுவந்திருந்தாள். வால்பக்கத்துத் துண்டு ஒன்றை இலையில் சுற்றி நந்திக்கென்று கொடுத்தாள். வீட்டுக்கு வந்தால், நடையில் என் கணவரின் செருப்பு கிடக்கிறது. அவர் அன்று சீக்கிரம் வந்துவிட்டார்! நான் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கமாகப் போய், துண்டை முள்ளோடு அப்படியே துவைகல்லுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் விளக்கேற்றினேன்.

மறுநாளிலிருந்து நந்தி சாப்பிடவில்லை. வாந்தி எடுத்தது. அரிசிப் பானைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டு, வயிற்றைத் தொட்டால் முனகியது. என் கணவர் பட்டினி கிடந்தார். டீச்சர்தான் சொன்னார், தன்னிடம் படித்த பையன் கால்நடை டாக்டராக இருக்கிறான், சாயங்காலங்களில் வீட்டிலேயே பார்க்கிறான் என்று. மூங்கில் கூடையில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோனோம்.

"முள்ளு, எலும்பு ஏதாவது தின்னுச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

"சைவப் பூனை" என்றார் என் கணவர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்... ஒரே ஒரு சொல்! நான் கூடையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மனிதர்களுக்கு எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில் கெஞ்சிக் கூத்தாடி எடுத்தோம். படத்தில் வயிற்றுக்குள் சின்ன உருண்டையாக ஒரு வெள்ளை நிழல். விளிம்பில் மேடும் பள்ளமும். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து யோசித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. சீலா மீன் துண்டின் நடுவில் இருக்கும் அந்த உருண்டை நடுமுள். என் கணவருக்கும் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்தது வேறு.

"ருத்திராட்சம்" என்றார். "போன மாசம் மாலை அந்து விழுந்துச்சே, ஒரு மணி மட்டும் கெடைக்கவே இல்லையே... ஏளா, ஞாபகம் இருக்கா? கட்டிலுக்கு அடியில எல்லாம் தேடுனோமே."

ஞாபகம் இருந்தது. தலையை ஆட்டினேன்.

பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல! சைவப் பூனை ருத்திராட்சத்தை விழுங்கிவிட்டது என்று தெரு முழுக்கப் பரவியது. வீடு கொள்ளாத கூட்டம். ஓர் அம்மாள் திருநீற்றை நந்தியின் நெற்றியில் பூசினாள். இன்னொருத்தி கற்பூரம் காட்டினாள். வலியில் கண் சொருகிக் கிடந்த பூனையைப் பார்த்து, தியானத்தில் இருக்கிறது என்றார்கள். ஊரில் யாரை ருத்திராட்சப் பூனை என்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்துக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தவள்தான் அது.

ஆனால், ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அத்தனை பேரும் கைகூப்பி நின்றபோது எனக்கே ஒரு கணம் தோன்றியது... ஒருவேளை ருத்திராட்சமாகவே இருந்துவிடுமோ என்று. கடவுளே, அதை ருத்திராட்சமாக்கிவிடு என்று நானும் கைகூப்பினேன்.

வயிற்றைத் திறந்துதான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மாட்டுக்கும் ஆட்டுக்கும் செய்வதுபோல் அல்ல. மயக்க மருந்து மதுரையிலிருந்து வர வேண்டும், செலவு நிறைய ஆகும் என்றார். என் ஒரு மாதச் சம்பளத்தையும் தாண்டிய செலவு. அந்தக் காலத்தில் பூனைக்கு அப்படிச் செலவழிப்பதைக் கேட்டால் ஊரே சிரிக்கும். என் கணவர் ஒரு நொடி தயங்கவில்லை.

"எவ்வளவு ஆனாலும் ஆகட்டும் டாக்டர். ஈசனே அதுக்குள்ள போயி உக்காந்திருக்கான்."

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆராதனை முடிந்து டீச்சர் பைபிள் பையோடு நேரே அங்கே வந்துவிட்டார். டாக்டர் வீட்டு முன்னறையில் ஒரு மேசை. ஜன்னல் வெளிச்சம் போதவில்லை. டீச்சர் பூனையின் கால்களைப் பிடித்துக்கொண்டார். என் கையில் டார்ச் லைட். என் கணவர் வெளியே நின்று தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆட்டாமப் பிடிங்கக்கா" என்றார் டாக்டர்.

நான் பயந்துகொண்டுதான் குனிந்தேன். பிறகு பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் கை வெளிச்சத்தில், அந்தச் சின்ன உடம்புக்குள்... ஐயோ, எத்தனை வேலை நடந்துகொண்டிருந்தது! ஈரமான இளஞ்சிவப்புக் குடல், நாடா மாதிரி மடிந்து மடிந்து, தானாகவே நெளிந்துகொண்டிருந்தது. மேலே எங்கோ இதயம் தட்டுகிற தட்டலில் எல்லாமே மெல்ல அதிர்ந்தது. யாரும் சொல்லாமல், யாரும் பார்க்காமல், இத்தனை நாளும் இப்படித்தானா? தயிர்ச்சோற்றையும் மீனையும் பேதம் பார்க்காமல் இது இரவும் பகலும் உயிராக மாற்றிக்கொண்டே இருந்ததா? பூஜை அறையில் எத்தனை வருடம் நின்றிருக்கிறேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அந்த மேசை முன்னால்தான். டீச்சரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அவரும் எதையோ வேண்டிக்கொண்டிருந்தார்.

டாக்டர் குடலில் ஓரிடத்தைக் கீறி, இடுக்கியால் ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டார். டங்கென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு என் கணவர் உள்ளே ஓடிவந்தார். அவர் கையில் ஒரு பித்தளைத் தட்டு. அதில் வில்வ இலை, கொஞ்சம் பூ. ருத்திராட்சத்தை ஏந்திக்கொள்ள வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார்.

"சார்..." என்றார் டாக்டர். "இது மீன் முள்ளு."

என் கணவர் தட்டை நீட்டியபடியே நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ! அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். நினைவுக்கு வராத நாளில்லை. பிறகு அந்த முகம் மெல்லத் திரும்பியது, என் பக்கம் அல்ல, டீச்சர் பக்கம்.

"டீச்சர், ஓங்க வீட்டு முள்ளு கிள்ளயெல்லாம் எங்கன கொட்டுதிய?"

டாக்டர் நிமிர்ந்தார். "என்ன சார் சொல்லுதிய? டீச்சர் வீட்டுல இப்ப லெந்து..."

"நீ மொதல்ல தையலப் போடுப்பா" என்றார் டீச்சர்.

லெந்து. ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்கள். அந்த நாட்களில் டீச்சர் வீட்டு அடுப்பில் மீனோ கறியோ ஏறாது. இப்ப நானும் ஓங்க ஆளுதான் கோமதி... அது எனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியும். அந்த அறையில் தெரியாத ஒரே ஆள் என் கணவர்.

"எங்க வீட்டு முள்ளாத்தான் இருக்கும் சார்" என்றார் டீச்சர். நிதானமாகச் சொன்னார், வகுப்பில் பேசுவதுபோல. "பாத்துக் கொட்டியிருக்கணும். என் தப்புதான்."

"மீனு தின்ன பூனைக்கு நான் எதுக்கு அழணும்?" என் கணவரின் குரல் உடைந்தது. "அது எங்க வீட்டுப் பூனையே இல்ல." வில்வத் தட்டோடு வெளியேறிவிட்டார்.

"செலவ நான் பாத்துக்கிடுதேன்ப்பா. நீ வேலையப் பாரு" என்றார் டீச்சர் டாக்டரிடம்.

என் கையில் இன்னும் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. ஆட்டாமல் பிடித்திருந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. டீச்சர் என்னைத் திரும்பிப் பார்ப்பார், அந்தப் பார்வையில் நான் உடைந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தேன். அவர் பார்க்கவேயில்லை! எனக்கு அந்தச் சங்கடத்தையும் கொடுக்கக் கூடாது என்று நினைத்தாரோ?

நோன்பு நாளில், ஆராதனை முடித்துவிட்டு நேரே வந்த ஒரு பெண்மணி, எனக்காகப் பொய் சொன்னார். பொய் பாவம் என்று ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். இப்படியும் ஒரு மனது இருக்குமா? குடலையும் இதயத்தையும் பார்த்து வியந்தேனே... அதைவிடப் பெரிய அதிசயம் மேசைக்கு அந்தப் பக்கம் பூனையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

நான் சம்பாதிக்கிறவள். சம்பளத்தை அப்படியே கணவர் கையில் கொடுத்துவிடுவேன் என்பது ஒரு சாக்கு. கழுத்தில் சங்கிலி கிடந்தது. யாருக்கும் தெரியாமல் டீச்சர் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஏன் கொடுக்கவில்லை? கொடுத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடுமே!

நந்தி பிழைத்துக்கொண்டது. டீச்சர் வீட்டில்தான் இருந்தது. என் கணவர் கொத்தனாரை வரவழைத்துச் சுவரின் இடைவெளியை அடைத்தார். டீச்சர் தன் கொல்லையில் நின்று செங்கல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் அவர் போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். தெய்வப் பூனையைக் கெடுத்தவர் அல்லவா! ஒவ்வொரு ஈஸ்டருக்கும் புது வெள்ளைச் சேலை கட்டுகிறவர், அந்த ஈஸ்டருக்குப் பழைய சேலையில் போனார். கோடையில் ஓடு மாற்ற ஆள் சொல்லி வைத்திருந்தார், இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஐப்பசி மழையில் அவர் வீட்டுக்குள் பாத்திரங்களில் தண்ணீர் சொட்டுகிற சத்தம், அடைத்த சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. படுத்துக்கொண்டு கேட்டேன்.

நந்தி மட்டும் சுவரைப் பொருட்படுத்தவில்லை. சாயங்காலம் ஏறிக் குதித்து வந்து துவைகல்லுக்குப் பின்னால் உட்காரும். மீனை நான் விட்டுவிட்டேனா? விட்டுவிட்டேன் என்று சொன்னால் உங்களுக்கு என் மேல் கொஞ்சம் இரக்கம் வரும். விடவில்லை.

சில வருடங்கள் கழித்து டீச்சரை மகள் கோயம்புத்தூருக்கு அழைத்துக்கொண்டாள். புறப்படுகிற அன்று சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது. ஏதோ பலகையைப் போட்டு ஏறியிருக்க வேண்டும், அந்த வயதில்.

"கோமதி, இவன அங்க கொண்டுட்டுப் போக முடியாது. மாடி வீடு. பையப் பாத்து வாங்கிக்கோ."

நந்தியை இரண்டு கையாலும் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். இப்போது சொல்லிவிட வேண்டும், இப்போது... அவர் என் முகத்தைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் அப்போதுதான் நேராகப் பார்த்தார். கோபம் இல்லை. இருந்திருக்கலாம், இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"மீனு குடுத்தா நடுமுள்ள எடுத்துட்டுக் குடும்மா" என்றார்.

அவ்வளவுதான். இறங்கிவிட்டார். பலகை நகர்கிற சத்தம் கேட்டது. நான் பூனையை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். மன்னிப்பு என்றோ நன்றி என்றோ ஒரு சொல் என் வாயிலிருந்து வரவில்லை.

டீச்சர் இப்போது இல்லை. கடைசிவரை கொல்லையிலேயே கிடந்த நந்தியும் இல்லை. டீச்சர் இறந்த செய்தி வந்தபோது கோயம்புத்தூருக்குப் போகவாவது போனேனா? என் கணவரிடம் என்ன காரணம் சொல்வது என்று யோசித்து யோசித்தே இருந்துவிட்டேன்.

அவருக்கு இப்போது வயதாகிவிட்டது. வருகிறவர்களிடம் பழைய கதைகள்தான் பேசுகிறார். நேற்றும் ஒரு தூரத்து உறவினர் வந்திருந்தார். நந்தியின் கதை ஆரம்பமானது. பூஜை அறை வாசல், தயிர்ச்சோறு, ருத்திராட்சம், கற்பூரம், வில்வத் தட்டு... எல்லாம் வரிசையாக வந்தன. நான் காபி கொண்டுபோனேன்.

"அம்புட்டு நல்ல பூனையப் பக்கத்து வீட்டு டீச்சர் மீனப் போட்டுக் கெடுத்துட்டா வே" என்று முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "என்னளா, அப்படித்தான?"

உறவினரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா" என்றேன்.